வெறுங்காலோடை இழுத்த சிவப்புக் கோடு

போன ஞாயிறு மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் சாப்பிட்டுப்போட்டுக் கை கழுவிக்கொண்டு நிக்கேக்கை, என்ரை மருமகன் ரெலிபோனை என்ரை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்து நீட்டினார். மருமகன் கார்த்திக் கோயம்புத்தூர்ப் பிள்ளை. கார்ல்ஸ்ரூஹேயிலை கொம்பியூட்டர் வேலை. நல்ல பிள்ளை, ஆனால் வாய் சும்மா இராது.

"மாமா, இதப் பாருங்க. ஏ.ஐ.க்கு ரெண்டு வரி எழுதினேன், உடனே வரைஞ்சு குடுத்துடுச்சு. நீங்களும் அந்த ஜெர்மன் அம்மாவும் மாசக்கணக்குல பண்ணினது இதத்தானேங்க?"

பாத்தன். சாம்பல், நீலம், நடுவிலை ஒரு சிவப்பு இழுவை. வடிவாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

"பெயிண்ட ஊத்தி இழுத்தா எதாச்சும் ஒண்ணு வரும். நல்லா வந்தா லக்கு. அவ்வளவுதானே மாமா?"

எனக்குச் சுள்ளெண்டு ஏறிச்சுது. குசினிக்குள்ளை இருந்து என்ரை மனுசி மலர் சத்தம் போட்டா. "தம்பி, தெரியாமல் கேட்டுப்போட்டியள். இனி இவரை நிப்பாட்டேலாது. இருங்கோ, தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணி ஆறிப்போற வரைக்கும் அவருக்குச் சொன்னன். ஆனால் கோவத்திலை முன்னுக்குப் பின்னாச் சொல்லிப்போட்டன், பாதி அவருக்கு விளங்கியிராது. அதுதான் இப்ப ஆறுதலா இருந்து எழுதுறன். பென்சன் எடுத்த மனுசனுக்கு வேறை என்ன வேலை?

எண்பதுகளிலை ஜெர்மனிக்கு, ஷோனெஃபெல்ட் எயார்போட்டிலை வந்து இறங்கின ஆக்களிலை நானும் ஒருத்தன். அந்தக் கதையை எங்கட ஆக்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான் சொல்லுறது, அதாலை விடுறன். வுப்பர்டாலுக்கு வந்து கோப்பை கழுவினன், பீற்சா போட்டன். பிறகு வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற ஒரு கொம்பனியிலை அவுஸ்பில்டுங் எண்ட தொழிற்பயிற்சி கிடைச்சுது. வேலை பழகி, சோதினை எழுதி, வெள்ளைக் காற்சட்டையோடை ஏணியிலை ஏறினன். ஏறி ஏறி முழங்கால் தேஞ்சுபோச்சு.

அப்பிடி இருக்கேக்கை ஒருநாள், ஆத்துக்கு மேலாலை தொங்கிக்கொண்டு ஓடுற ரெயினுக்குக் கிட்ட இருந்த பழைய நாடா ஆலை ஒண்டுக்குச் சுவர் வெள்ளையடிக்க அனுப்பினாங்கள். ஆலை எப்பவோ பூட்டியாச்சு. மேல்மாடியிலை ஃப்ராவ் லின்டர், அதாவது திருமதி லின்டர் எண்ட ஓவியர், அத்தெலியே எண்டு தன்ரை படம் கீறுற இடத்தை வைச்சிருந்தா. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம். நான் உருளையாலை சுவருக்கு அடிச்சுக்கொண்டு நிக்க, அவ ஒரு நீட்டுப் பலகையோடை தனியா மல்லுக்கட்டிக்கொண்டு நிண்டா. அவவோடை வேலை செய்த பெடியன் பெர்லினுக்குப் போயிட்டானாம்.

திரும்பி என்னைப் பாத்துக் கேட்டா, "உங்களுக்கு நேரா நடக்கத் தெரியுமோ?"

"குடிக்காட்டித் தெரியும்" எண்டன்.

கொக்கட்டமிட்டுச் சிரிச்சா. அண்டைக்கு அந்தப் பலகையின்ரை மற்றக் கரையைப் பிடிச்சவன்தான். பென்சன் எடுக்கிற வரைக்கும் விடேல்லை.

அந்தப் பலகைக்குப் பேர் ராக்கல். ஆளைவிட நீளம், ஒரு கரை முழுக்கத் தடிச்ச ரப்பர். யன்னல் கண்ணாடி துடைக்கிற சாமானின்ரை பெரியண்ணன் எண்டு வையுங்கோ. படம் பதிஞ்ச மேசையிலை மல்லாந்து கிடக்கும். கீழே காஞ்ச நிறங்கள், மேலே ஈரமான நிறம். அவ இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம், ராக்கலைப் படத்துக்குக் குறுக்கை வைச்சு, ரெண்டு பேரும் ஒரே சீராய் ஒரு தொங்கலிலை இருந்து மற்றத் தொங்கலுக்கு நடக்க வேணும். அழுத்திப் பிடிச்சால் மேல் நிறம் வழிச்சுக்கொண்டு போய்க் கீழே உள்ளது தெரியும். இளக்கிப் பிடிச்சால் மேலேயே அப்பிக்கொண்டு நிக்கும். எங்கை வழியும், எங்கை அப்பும் எண்டு பிடிக்கிற எங்களுக்கே தெரியாது. முதல் நாள் நான் கெதியா நடந்துபோட்டன். அவ கத்தின கத்திலை கூரையிலை இருந்த புறா எல்லாம் பறந்துபோச்சு. பிறகு தமிழிலை 'மெதுவா'வுக்கு என்ன எண்டு கேட்டா. 'மெல்ல' எண்டன். அண்டையிலை இருந்து அந்தக் கூடத்திலை அதுதான் கட்டளை. "மெல்ல, ஹெர் நாதன், மெல்ல!" ஹெர் எண்டால் திரு, நாதன் நான்தான்.

இழுக்கிறது ரெண்டு மூண்டு நிமிச வேலை. ஆனால் அதுக்கு முன்னம் கிடக்கிற வேலையைக் கேளுங்கோ. சீலையைச் சட்டத்திலை இறுக்கி, பசை பூசி, சுண்ணாம்புமா வெள்ளை பூசி, காயவிட்டு, அரத்தாளாலை தேய்ச்சு, திரும்பப் பூசி, திரும்பத் தேய்ச்சு, உள்ளங்கையாலை தடவினால் முட்டைக் கோது மாதிரி இருக்க வேணும். பிறகு நிறம் குழைக்கிறது. தூளை எண்ணெயோடை கண்ணாடிப் பலகையிலை போட்டு அரைச்சு, கத்தியாலை தூக்கிப் பாக்க வேணும். தோசைமா விழுகிற மாதிரி அறாமல் விழவேணும். அறுந்தறுந்து விழுந்தால் எண்ணெய் காணாது. ஓடி விழுந்தால் கூடிப்போச்சு, எறிஞ்சுபோட்டுத் திரும்ப அரை. குளிர்காலத்துக்கு ஒரு பதம், வெயிலுக்கு ஒரு பதம். இப்பிடிக் கிழமைக் கணக்கா மாரடிச்சால்தான் தம்பி கார்த்திக் சொல்லுற அந்த 'லக்கு' வந்து எட்டியாவது பாக்கும்.

ஃப்ராவ் லின்டரின்ரை போக்கு வேறை மாதிரி. இழுத்து முடிஞ்ச படத்துக்கு முன்னாலை ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பா. கோப்பி ஆறிப் பச்சைத் தண்ணியாகும். மத்தியானம் திரும்பும். நான் பிரஷ் கழுவுற மாதிரி நடிச்சுக்கொண்டு நிப்பன். திடீரெண்டு எழும்பி "நைன்", அதாவது இல்லை, எண்டு சொல்லி, பெரிய கத்தியை எடுத்துப் படம் முழுக்க வழிச்சு எறிவா. முதல் தரம் நான் கத்திப்போட்டன்.

"ஐயோ, உது வடிவாக் கிடந்ததெல்லோ!"

"வடிவாத்தான் கிடந்தது. ஆனால் எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச வடிவு" எண்டா.

தப்பின படங்களுக்கு இன்னொரு சோதினை இருந்தது. அவையளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிடுவம். கிழமைகள் போகும். பிறகு, அவ எதிர்பாக்காத ஒரு நேரத்திலை, சொல்லாமல் கொள்ளாமல் நான் படத்தை இஞ்சாலை திருப்ப வேணும். அதுதான் எனக்குத் தந்த உத்தியோகத்திலை முக்கியமானது. அவ பாண் வெட்டிக்கொண்டு நிக்கேக்கை, வரிக் கந்தோருக்குப் பேசிக்கொண்டு நிக்கேக்கை, தும்மேக்கை கூடத் திருப்பியிருக்கிறன். தயாரா நிண்டு பாத்தால் கண் பொய் சொல்லுமாம். அந்த ஒரு நொடி அவவின்ரை முகத்தை நான் பாப்பன். படத்தை விட எனக்கு அந்த முகம்தான் கூட விளங்கும்.

இனி அந்தப் பெரிய விசயத்துக்கு வாறன்.

வேறை ஊர்களிலை அவவின்ரை படங்கள் எத்தினையோ சுவரிலை தொங்குது. சொந்த ஊரிலை ஒரு சுவர் கிடைக்கேல்லை. அப்ப பாத்து வுப்பர்டாலிலை பழைய சங்கீத மண்டபம் ஒண்டைத் திருத்தத் தொடங்கிச்சினம். வாசல் கூடத்துச் சுவருக்கு ஒரு பெரிய படம் வேணுமாம், கமிற்றி ஒண்டு தெரிவு செய்யுமாம். அவவின்ரை தகப்பன் அந்த மண்டபத்திலை கதவு திறந்துவிடுற வேலை செய்தவர். சின்ன வயசிலை இவ அந்த வாசல் கூடத்திலை, அந்தச் சுவரோடை சாஞ்சுகொண்டு, பூட்டின கதவுக்கு இஞ்சாலை நிண்டுதான் சங்கீதம் கேட்டவவாம். உள்ளை போக ரிக்கற் இல்லை. இதைச் சொல்லேக்கை அவ என்ரை முகத்தைப் பாக்கேல்லை, கத்தியைத் துடைச்சுக்கொண்டு சொன்னா. எழுபது தாண்டின மனுசி. வலது தோள்மூட்டு வேறை போச்சு. டொக்டர் ஒப்பரேசன் வேணும் எண்டிட்டார், அதுக்குப் பிறகு ராக்கல் பிடிக்கலாமோ எண்டு அவராலை சொல்ல ஏலாதாம். "இந்தச் சுவர் முடியட்டும், பிறகு வெட்டட்டும்" எண்டு டெர்மினை, டொக்டர் குறிச்ச நாளை, தள்ளிப்போட்டா.

அந்த வருசம் ஆயுத பூசை வந்தது. நான் வீட்டுக்குப் பெயின்ற் அடிச்ச காலத்திலையும் என்ரை பிரஷ், உருளை எல்லாத்தையும் கழுவிச் சாமிக்கு முன்னாலை வைச்சுச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறனான். அத்தெலியேக்கு வந்த முதல் வருசம் ஃப்ராவ் லின்டரிட்டைப் பயந்து பயந்துதான் அனுமதி கேட்டன்.

"சாப்பாடு இருக்குதோ?" எண்டு கேட்டா.

"கடலை இருக்கு, அவல் இருக்கு, வடை இருக்கு."

"பிறகென்ன? செய்யுங்கோ."

அதுக்குப் பிறகு ஒரு வருசமும் தவறேல்லை. அண்டைக்கு ஆயுதங்களைத் தொடப்படாது, அடுத்த நாள் விசயதசமிக்குத்தான் எடுத்து வேலை தொடங்க வேணும் எண்டது அவவுக்குப் பாடம். பூசை வைச்ச இடத்தைச் சப்பாத்தோடை மிதிக்க எனக்கு மனம் வராது, அதாலை அந்த ரெண்டு நாளும் கூடத்துக்குள்ளை வெறுங்கால்தான். குங்குமம் மலர் வீட்டிலை செய்யிறது. மஞ்சள் துண்டைத் தேசிக்காய்ப் புளியிலை வெங்காரத்தோடை ஊறவைச்சு, காயவைச்சு இடிச்சு அரிப்பா. கடைக் குங்குமத்தை அவ கையாலையும் தொடமாட்டா.

விசயதசமி காலமை நான் போறதுக்கு முன்னமே மண்டபத்துப் படத்திலை மேல் நிறம் பரப்பியாச்சு. கீழே கருநீலம், மேலே வெள்ளைச் சாம்பல். ராக்கலிலை, ரப்பருக்குச் சரி மேலே, நான் வைச்ச சந்தனப் பொட்டும் குங்குமமும் காஞ்சுபோய்க் கிடந்தது. ஈரத்துணியை எடுத்தன், துடைப்பம் எண்டு.

"விடுங்கோ. இண்டைக்குத் தொடங்கிறதெல்லாம் நல்லா வரும் எண்டு நீங்கள்தானே சொன்னது? ஆசீர்வாதத்தை ஏன் துடைக்கிறியள்? காஞ்சுதானே கிடக்குது" எண்டா.

எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டுது. இழுக்கத் தொடங்கினம். அரைவாசித் தூரம் ஒண்டுமில்லை. ராக்கலுக்கு முன்னாலை சேருற நிறம் போகப் போக அலை மாதிரி உயருமெல்லோ, அது ஏறி ஏறிப் பொட்டைத் தொட்டிட்டுது. சந்தனம் இளகி, ரப்பருக்குக் கீழாலை ஒரு சிவப்பு கசிஞ்சுது. முதல் நூல் மாதிரி, பிறகு விரல் மொத்தத்துக்கு, வெள்ளைச் சாம்பலுக்கு நடுவாலை உயிரோடை ஓடுற மாதிரிச் சிவப்பு.

"ஐயோ, என்ரை அம்மாளே!" எண்டு நிண்டிட்டன்.

"நிக்காதேங்கோ! நடவுங்கோ! மெல்ல!"

முடிவு வரைக்கும் இழுத்தம். கதிரையும் இல்லை, கோப்பியும் இல்லை. ரெண்டு பேரும் பாத்துக்கொண்டு நிண்டம். காஞ்ச பிறகு சுவர்ப்பக்கம் திருப்பியாச்சு.

கிழமைகள் கழிச்சு, அவ பல்லு டொக்டரிட்டை டெர்மின் எடுக்க ரெலிபோனிலை காத்துக்கொண்டு நிக்கேக்கை திருப்பினன். அந்தப் பக்கத்திலை ஆரோ "ஹலோ, ஹலோ" எண்டு கத்திச்சினம். இவ ரெலிபோனை மேசையிலை வைச்சிட்டா. அப்பிடி ஒரு முகத்தை நான் அதுக்கு முன்னம் காணேல்லை.

கமிற்றி வந்தது. தலைவி ஒரு உயரமான பொம்பிளை, அதிகம் கதைக்காதவ. படத்துக்கு முன்னாலை கனநேரம் நிண்டிட்டு, "மற்றதெல்லாம் இந்தக் கோட்டுக்காகக் காத்துக்கொண்டு நிக்கிற மாதிரி இருக்கு" எண்டா. ஓம் எண்டிட்டினம். வசந்தத்திலை திறப்புவிழாவாம். மலர் அண்டைக்குப் பாயாசம் காய்ச்சினா, ஃப்ராவ் லின்டர் ரெண்டு கிண்ணம் குடிச்சா.

தைப்பொங்கல் முடிஞ்சு வேலைக்குப் போன காலமை. தூசி தட்டுவம் எண்டு படத்துக்குக் கிட்டப் போனன். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பாத்தன். சிவப்பு, சிவப்பாய் இல்லை. செம்மஞ்சள். ஒரு தொங்கலிலை பச்சை மஞ்சளே தெரியுது.

"ஃப்ராவ் லின்டர், கெதியா வாங்கோ! கோடு மாறுது!"

கொலோனிலை இருந்து படங்கள் பழுது பாக்கிற ஒரு பொம்பிளையைக் கூப்பிட்டம். பூதக்கண்ணாடியாலை பாத்திட்டு, குங்குமம் எப்பிடிச் செய்யிறது எண்டு என்னைக் கேட்டா. விபரமாச் சொன்னன். தலையை ஆட்டினா. மஞ்சளிலை இருந்து வாற சிவப்பு எண்ணெயிலையும் நிக்காதாம், வெளிச்சத்திலையும் நிக்காதாம். மஞ்சளாகி, பிறகு அதுவும் மெல்ல மெல்ல வெளுத்துப்போகுமாம். "கடையிலை விக்கிற குங்குமம் எண்டால் செயற்கைச் சாயம், இவ்வளவு கெதியா மாறியிராது" எண்டும் சொன்னா.

இதை வீட்டிலை வந்து சொன்னன். மலருக்கு மூக்கு விடைச்சிட்டுது. "அப்ப கலப்படம் இல்லாமல் செய்தது என்ரை பிழையோ? அவவுக்குப் போய்ச் சொல்லுங்கோ, நெத்தியிலை வைக்கிறதுக்குத்தான் நான் குங்குமம் இடிக்கிறனான், சுவரிலை பூசிறதுக்கில்லை எண்டு!"

அப்பிடியே போய்ச் சொன்னன். ஃப்ராவ் லின்டர் கண்ணிலை தண்ணி வரச் சிரிச்சா. சிரிச்சு முடியக் கதிரையிலை இருந்தா.

"நாதன், அவை தெரிஞ்செடுத்தது அந்தக் கோட்டைத்தான்" எண்டா.

அண்டைக்கே தலைவிக்கு ரெலிபோன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னா. திறப்புவிழாவுக்கு முதல் கிழமை வரைக்கும் சுவர் காத்திருக்கும், அதுக்குள்ளை படம் சரி வராட்டி, ரெண்டாவதா வந்த வேறை ஒருத்தரின்ரை படத்தை மாட்டுவினம் எண்டு பதில் வந்தது. அதிலை பிழை சொல்லேலாது, சுவரை வெறுமையா விடேலாதுதானே.

முதல் என்ன செய்தம், ஒரு பழைய சீலையிலை அழியாத சிவப்பை எடுத்துப் பிரஷ்ஷாலை கீறிப் பாத்தா. செத்த கோடு. நான் என்ரை பழைய தொழிலைக் காட்டி, ரேப் ஒட்டி நேரா ஒண்டு அடிச்சன். றோட்டிலை கோடு போட்ட மாதிரி இருந்தது. "கார் வரப்போகுது, விலகுங்கோ" எண்டு அவவே பகிடி விட்டா.

பிறகு தொடங்கிச்சுது குளிர்கால உத்தரிப்பு. அழியாத சிவப்புத் தூளைச் சந்தனத்திலை குழைச்சு, ராக்கலிலை பொட்டு வைச்சுக் காயவிட்டு, சின்னச் சீலைகளிலை இழுத்துப் பாக்கிறது. ஒருக்கால் தொடங்கின உடனையே சிவப்பு கொட்டுண்டுபோகும். ஒருக்கால் கடைசி வரைக்கும் வராது. ஒருக்கால் கண்டல் காயம் மாதிரி ஒரு திட்டு. பொட்டைத் தடிப்பாக்கினம், மெல்லிசாக்கினம், மேலே ஏத்தினம், கீழே இறக்கினம், நிறத்திலை எண்ணெயைக் கூட்டினம், குறைச்சம். ஒவ்வொண்டையும் வழிச்சு எறிஞ்சம். பின்னேரங்களிலை அவ செரிக்கொட்டை அடைச்ச தலையணையைச் சூடாக்கித் தோளிலை வைச்சுக்கொண்டு, பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பா. "விடுவமோ?" எண்டு கேக்க வாய் உன்னும், ஆனால் அந்தச் சுவரை நினைச்சால் வாய் வராது.

ஒரு சனிக்கிழமை உடுப்புத் தோய்க்கேக்கை மலர் ஒரு துவாயைத் தூக்கிக்கொண்டு வந்தா.

"இஞ்சருங்கோ, உந்தப் பெயின்ற் என்ன செய்தும் போகுதில்லை. நல்ல துவாய். விசயதசமி அண்டைக்குக் காலைத் துடைச்சுப் பழுதாக்கினது நீங்கள்தான். கால் விரலெல்லாம் வெள்ளையோடை வந்து நிண்டனீங்கள்."

துவாயைப் பாத்தன். என்ரை காலைப் பாத்தன். "மலர், நீர் வாழ்க!" எண்டு கத்திப்போட்டு ரெலிபோனை எடுத்தன்.

விளங்குதோ? அண்டைக்கு நான் வெறுங்கால். வேலைச் சப்பாத்து அடி தடிச்சது, இரும்பு மூக்கு வைச்சது. அதைப் போட்டால் நடை நீட்டு நீட்டா விழும். வெறுங்காலோடை அந்தக் குளிர்ச் சீமெந்திலை நடந்தால் சின்னச் சின்ன அடி, குதி பதியுறதுக்கு முன்னம் விரல் தேடும். அந்தத் தயக்கம் அப்பிடியே கையுக்குள்ளாலை ராக்கலுக்குப் போகும். திங்கட்கிழமை சப்பாத்தைக் கழட்டி இழுத்தம். கோடு வந்தது. உயிரோடை வந்தது, ஆனால் கோணலா, ஏனெண்டால் அந்தப் பக்கம் அவ, விசயதசமி அண்டைக்கு இல்லாத தடிச்ச குளிர்காலச் சப்பாத்தோடை. ஃப்ராவ் லின்டர் குனிஞ்சு சப்பாத்தைக் கழட்டினா, காலுறையைக் கழட்டினா. நகத்துக்கு நீலப் பூச்சு! நான் வாயைப் பிளந்துகொண்டு நிக்க, "என்ன, சாம்பல் நிறமோ பூச வேணும்?" எண்டு கேட்டா.

மாசி மாசக் குளிரிலை ரெண்டு கிழடுகள் வெறுங்காலோடை ராக்கல் இழுத்த காட்சியை நினைச்சுப் பாருங்கோ. ஒவ்வொரு இழுவைக்குப் பிறகும் நான் கேப்பன், "சப்பாத்தைப் போடட்டோ?" அவ சொல்லுவா, "இன்னும் இல்லை." மலர் ரெண்டு பேருக்கும் கம்பளிக் காலுறை பின்னி அனுப்பினா, இடைவேளைக்குப் போட.

கோடுகள் இப்ப நல்லா வந்தது. ஆனால் அதே கோடு வரேல்லை. எனக்கு அந்தரமாப் போச்சு. அவவுக்கு இல்லை.

"அதே கோடு வராது, நாதன். என்ரை அப்பா கதவு திறக்கிறவர். ஆர் உள்ளை வருவினம் எண்டு அவருக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் நேரத்துக்குப் போய், உடுப்பை மினுக்கிப் போட்டுக்கொண்டு கதவடியிலை நிப்பார்" எண்டா.

பெரிய சீலை ஒண்டுக்குப் புதுசா அடி போட்டுக் காயவிட இனி நேரமில்லை. இருந்தது அந்த ஒரு படம்தான், மஞ்சளாகிப்போன கோட்டோடை. அதுக்கு மேலேயே திரும்ப நிறம் பரப்பி இழுக்கிறது எண்டு முடிவெடுத்தா. பிழைச்சால் பழையதும் இல்லை, புதுசும் இல்லை, சுவரும் இல்லை. தோளும் ஒரு இழுவைக்கு மேலே தாங்காது எண்டு ரெண்டு பேருக்கும் தெரியும்.

பொட்டு வைச்சன். மனசுக்குள்ளை ஒரு தேவாரம் சொன்னன். வெறுங்காலோடை நிண்டம்.

"மெல்ல" எண்டா, வழமையை விடச் சத்தம் குறைவா.

நடந்தம். கால்வாசித் தூரத்திலையே சிவப்பு வந்திட்டுது. நூலாய் வந்து அகலிச்சு, ஒரு இடத்திலை நெளிஞ்சு, திரும்ப நிமிந்துது. என்ரை கால் அடியைச் சரியா வைக்குது. முடியக் கொஞ்சம் இருக்கேக்கை அந்தப் பக்கத்திலை "ஆ!" எண்டு ஒரு சத்தம். தோள் விட்டுப்போச்சு. கை பிடிக்கேலாமல் அவவின்ரை முழுப் பாரமும் பலகையிலை விழுந்திட்டுது. அந்த இடத்திலை ரப்பர் புது நிறத்தை ஒட்ட வழிச்சுக்கொண்டு போச்சு. நான் "விடுங்கோ, விடுங்கோ!" எண்டு கத்தினன். மனுசி விட்டாவோ? இடுப்பாலை பலகையை முட்டுக்குடுத்து, வெளிறின முகத்தோடை, "மெல்ல!" எண்டு சொல்லிக்கொண்டு கடைசி அடி வரைக்கும் நடந்தா. பிறகு அப்பிடியே நிலத்திலை இருந்திட்டா.

அண்டைக்கே ஆஸ்பத்திரி, அடுத்த நாள் ஒப்பரேசன். படத்தைக் காயவிட்டு, கீழ்மாடித் தச்சனைக் கூப்பிட்டுத் தூக்கிச் சுவர்ப்பக்கம் திருப்பினன். நான் வடிவாப் பாக்கேல்லை. பாக்கப் பயம்.

அவ திரும்பி வந்தது, சுவருக்குச் சொன்ன தவணை முடியப்போற கிழமை. வலது கை கழுத்திலை தொங்குது. மலர் உளுந்து வடை சுட்டுத் தந்துவிட்டா. கதிரையிலை இருந்துகொண்டு இடது கையாலை வடையைக் கடிச்சுக்கொண்டு, ஆஸ்பத்திரிச் சூப்பைத் திட்டத் தொடங்கினா. திட்டு உச்சத்திலை நிக்கேக்கை தச்சனுக்குக் கண்ணைக் காட்டினன். திருப்பினம்.

திட்டு நிண்டிட்டுது. சப்பிறதும் நிண்டிட்டுது.

நானும் அப்பதான் பாத்தன். சிவப்பு ஓடி வருது. அவவின்ரை தோள் விட்ட இடத்திலை சடாரெண்டு அறுபடுது. அந்த வெட்டுக்குள்ளை, அடியிலை கிடந்த பழைய கோடு மஞ்சளாய் வெளியிலை வந்து, அறுந்த ரெண்டு துண்டையும் பிடிச்சுக்கொண்டு நிக்குது. அங்காலை திரும்பச் சிவப்பு. அந்த மஞ்சள் இல்லாட்டி அந்தச் சிவப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அவவின்ரை முகத்தைப் பாத்தன். பல்லு டொக்டருக்கு ரெலிபோன் எடுத்த நாளிலை கண்ட முகமில்லை. பூட்டின கதவுக்குப் பின்னாலை சங்கீதம் கேட்டுக்கொண்டு நிக்கிற பிள்ளையின்ரை முகம்.

மிச்ச வடையை வாய்க்குள்ளை போட்டா. ஆறுதலாச் சப்பி விழுங்கினா. பிறகுதான் என்ரை காலைப் பாத்தா. பழக்கத்திலை கழட்டிப்போட்டு நிண்டிருக்கிறன், எனக்கே தெரியேல்லை.

"சப்பாத்தைப் போடுங்கோ, ஹெர் நாதன்" எண்டா.

கமிற்றித் தலைவி வந்து பாத்திட்டு, "இது வேறை படம்" எண்டா. "ஓம்" எண்டா இவ. "ஆனால் சுவர் அதுதான்" எண்டு சொல்லித் தலைவி கையைக் குடுத்தா, இவ இடது கையை நீட்டினா. ஒப்பரேசனுக்குப் பிறகு அந்தத் தோள் முழுசா உயரேல்லை. சின்ன ராக்கல்களோடை இன்னும் சில வருசம் வேலை செய்தம். பிறகு அவ போதும் எண்டா, ஒரு பக்கத்திலை ஆளில்லாமல் எனக்கென்ன வேலை, நானும் பென்சன் எடுத்தன். இப்பவும் ஆயுத பூசைக்கு வடை போகுது.

நேற்றுப் பின்னேரம் மருமகனை அந்த மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனன். இடைவேளையிலை வாசல் கூடத்திலை ஆக்கள் வைன் கிளாசோடை அங்கையும் இங்கையும் போகினம். கார்த்திக் ரெலிபோனைப் பொக்கற்றுக்குள்ளை வைச்சிட்டு, அந்தப் படத்துக்கு முன்னாலை பேசாமல் நிண்டார். அவர் பேசாமல் நிண்டதை நான் நேற்றுத்தான் கண்டன். மணி அடிச்சு ஆக்கள் உள்ளை போகத் தொடங்கிட்டினம். அவர் அசையேல்லை. பிறகு கையை நீட்டிச் சிவப்பு அறுபட்ட இடத்தைக் காட்டினார்.

"மாமா, இந்த எடத்துல என்ன ஆச்சு?"

"அது ஃப்ராவ் லின்டரின்ரை தோள்மூட்டு" எண்டன்.

இன்னும் கிட்டப் போய்க் குனிஞ்சு பாத்தார். அந்த மஞ்சள் போன வருசத்தை விடக் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது, ஆனால் இன்னும் பிடிச்சுக்கொண்டு நிண்டது.

"அப்ப இந்த மஞ்சள்?"

"அது உங்கட மாமியின்ரை குங்குமம், தம்பி."